கம்பி நிற்கும் இடத்துக்கு அப்பால்

ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழை வந்துவிட்டது. ஊருக்குள் கேபிள்காரர் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துப் பல வீடுகளுக்கு இணைப்பும் கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்குள் கிணற்றை ஒட்டி இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கேட்டால், "ஒத்த வீட்டுக்காக அவ்வளவு தூரம் இழுத்தா கட்டுப்படியாகாதுங்க" என்கிறார். கொங்குப் பக்கம் போனாலும் தேனிப் பக்கம் போனாலும் இந்தப் பதிலைக் கேட்ட குடும்பங்களைப் பார்க்கலாம். அந்த வீட்டிலும் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது. மாதாமாதம் மருத்துவரிடம் பேச வேண்டிய பெரியவர் இருக்கிறார். பட்டா நகல், பயிர்க் காப்பீடு, மானிய விண்ணப்பம் எல்லாம் இப்போது இணையத்தின் வழியாகத்தான் நடக்கின்றன.

கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தூரத்தின் குற்றமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். தூரத்தை வெல்லும் வழி இயற்பியலில் எப்போதோ கிடைத்துவிட்டது. தோட்டத்து வீட்டின் இணையத்தை உண்மையில் தீர்மானிப்பவை மூன்று: வழியில் என்ன நிற்கிறது, அலை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது, கருவிக்குக் கிடைக்கும் மின்சாரம் எப்படிப்பட்டது. இம்மூன்றையும் புரிந்துகொண்ட குடும்பம் வீண்செலவு செய்யாது.

முதலில் கம்பிகளைப் பார்த்துவிடலாம். பழைய தொலைபேசியின் செம்புக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. குரலுக்குச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் போதும். அதே கம்பியில் இணையத்தை அனுப்பும் டி.எஸ்.எல். முறை, பத்து லட்சம் ஹெர்ட்ஸையும் தாண்டிப் போகிறது. அதிர்வெண் கூடக்கூடச் செம்பில் இழப்பும் கூடும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேல் தரும் அதே தொழில்நுட்பம், ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் ஒன்றிரண்டு மெகாபிட்டுக்கே திணறும். டி.வி. கேபிளின் கதையும் இதுதான். வழியில் ஆங்காங்கே ஆம்ப்ளிஃபையர் வைத்துக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும். செம்பைப் பொறுத்தவரை தூரம் மெய்யாகவே எதிரி.

கண்ணாடி இழைக்கு அந்தச் சிக்கல் இல்லை. சார்லஸ் காவ் 1966இல், கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று காட்டினார். பின்னாளில் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டருக்கு இழக்கப்படும் ஒளி ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. மூன்று கிலோமீட்டர் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. செலவெல்லாம் கம்பம் நடுவதிலும், பள்ளம் தோண்டுவதிலும், அடுத்தவர் நிலத்தைக் கடக்க அனுமதி வாங்குவதிலும்தான் போகிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஒதுக்குப்புறப் பண்ணைகள் இதே பதிலைக் கேட்டுச் சலித்து, 2011இல் பி4ஆர்.என். என்ற பெயரில் சமூக நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. விவசாயிகள் தங்கள் வயல் வழியே இழை போக இலவசமாக இடம் கொடுத்தார்கள், பள்ளத்தைத் தாங்களே தோண்டினார்கள். நகரவாசிகள் பலருக்குக் கிடைக்காத நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் அந்தப் பண்ணை வீடுகளுக்குக் கிடைத்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்தாறு பேர் மனமொத்து, கம்பத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தால் நம் ஊர் கேபிள்காரரின் கணக்கும் மாறும். முதலில் முயல வேண்டியது அதுதான் என்பேன். அது கூடிவராத இடத்தில்தான் காற்று வழியைத் தேட வேண்டும்.

காற்று வழி தரவு அனுப்பும் எண்ணமே இப்படிப்பட்ட இக்கட்டில் பிறந்ததுதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் தனித்தனித் தீவுகளில் இருந்தன. தொலைபேசி இணைப்போ விலை அதிகம், தரம் குறைவு. நார்மன் ஏப்ரம்சன் தலைமையிலான குழு 1971இல் ரேடியோ அலைகளைக் கொண்டு கணினிகளை இணைத்தது. அலோஹாநெட் என்று பெயர். பல கருவிகள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ள அவர்கள் வகுத்த முறையின் வழித்தோன்றல்தான் இன்று நம் வீட்டு வைஃபையில் ஓடுகிறது. அதனால் ஒரு தொல்லையும் கூடவே வந்தது. அதைத் தேனியில் பார்ப்போம்.

ரேடியோ அலை போகப்போக எவ்வளவு மெலிகிறது? தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் சக்தி நான்கில் ஒரு பங்காகிவிடும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட 5.8 கிகாஹெர்ட்ஸ் பட்டையில், ஒரு திசையில் குவித்து அனுப்பக்கூடிய சக்தியின் உச்சவரம்பு 4 வாட். அந்த 4 வாட் பத்துக் கிலோமீட்டர் கடந்து, எதிர்முனையில் ஓரளவு நல்ல டிஷ் ஆன்டெனாவில் விழும்போது மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு வாட்டின் ஐந்நூறு கோடியில் ஒரு பங்கு. படிக்கும்போது நம்பிக்கை போய்விடும். ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண வெளிப்புற ரேடியோவுக்கு இந்தத் துளி தாராளம். பல பத்து மெகாபிட் வேகத்தை அதிலிருந்தே அது எடுத்துவிடும்.

எதுவும் மறைக்காதபோதுதான் இந்தக் கணக்கு செல்லும். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் டவர் தெரிகிறது, ஆகவே சிக்னல் வரும் என்று நினைப்பது பரவலான தவறு. கண்ணுக்குத் தெரியும் ஒளி மெல்லிய கோடாக வந்தால் போதும். ரேடியோ அலைக்கு அப்படியில்லை. இரு ஆன்டெனாக்களுக்கு இடையே, முனைகளில் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவில் ஓர் இடம் அதற்கு வேண்டும். பிரெஞ்சு அறிஞர் அகஸ்டின் ஃபிரெனெலின் பெயரால் இதை ஃபிரெனெல் மண்டலம் என்கிறார்கள். இந்த இடத்தின் ஓரங்களில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையைவிட அரை அலைநீளம் பிந்தி வந்து அதோடு சேரும். இவற்றில் ஒன்று மேடாக இருக்கும் நேரத்தில் மற்றது பள்ளமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டவர் பளிச்சென்று தெரிகிறது, சிக்னல் மட்டும் இல்லை என்ற மர்மத்துக்கு விடை பல இடங்களில் இதுதான்.

எவ்வளவு இடம் வேண்டும்? 5.8 கிகாஹெர்ட்ஸில் பத்துக் கிலோமீட்டர் இணைப்புக்கு, நட்டநடுவில் இந்த மண்டலத்தின் ஆரம் சுமார் 11 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும் என்பது களத்தில் வேலை செய்பவர்களின் விதி. பார்வைக் கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 7 மீட்டர் வரை மரமோ கட்டடமோ தலை நீட்டக் கூடாது. தூரம் ஐந்து கிலோமீட்டரானால் 5 மீட்டர் இடைவெளி போதும். பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டும். பத்துக் கிலோமீட்டரின் நடுவில் நிலம் ஒன்றரை மீட்டர் புடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த தென்னையின் உயரம் 20 மீட்டரைத் தாண்டும். ஆகவே தோப்புக்கு நடுவே உள்ள ஓட்டு வீட்டின் கூரையில் ஆன்டெனாவைக் கட்டிவிட்டு வேகம் வரவில்லை என்று வருந்திப் பயனில்லை.

தென்னையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கிராம இணையத்தின் மிகப் பெரிய தடை அதுதான் என்பது என் எண்ணம். இலைகளில் உள்ள நீர், ரேடியோ அலையை விழுங்கும். மழையில் நனைந்த மட்டைகள் இன்னும் அதிகமாக விழுங்கும். காற்றில் மட்டைகள் ஆடும்போது பாதை திறந்து மூடி, திறந்து மூடி, சிக்னல் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். காலையில் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் காற்று கிளம்பினால் போய்விடுகிறது என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது அலை வரும் திசையில் நிற்கும் மரங்களை. அதற்காக மரத்தை வெட்டச் சொல்லவில்லை. ஆன்டெனா வீட்டில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தோட்டத்து ஓரத்தில், வெட்டவெளி தெரியும் மேட்டிலோ, பம்ப்செட் அறையின் மேலோ, ஊராட்சி அனுமதித்தால் மேல்நிலை நீர்த்தொட்டியின் உச்சியிலோ அதை வைத்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்கு வேறு வழியில் கொண்டுவரலாம். உயரமும் வெட்டவெளியும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி தேனிக்குப் போவோம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனியிலும் கிளை வைத்திருக்கிறது. கிராமத்து மக்கள் கண்ணைக் காட்டுவதற்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து வர வேண்டியிருந்தது. அந்த அலைச்சலைக் குறைக்க, சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறிய பார்வை மையங்கள் தொடங்கப்பட்டன. பயிற்சி பெற்ற ஊழியர் அங்கே கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவர் தேனியில் இருந்தபடி காணொளியில் நோயாளியோடு பேசுவார். காணொளிக்கு வேகமான இணைப்பு வேண்டும். அந்த ஊர்களில் அன்று அது இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு, வீட்டு வைஃபை சில்லுகளையே திசை ஆன்டெனாக்களில் பொருத்தி, மருத்துவமனையையும் மையங்களையும் இணைக்க முன்வந்தது. தூரம் சுமார் 15 கிலோமீட்டர் வரை.

கோபுரம் நின்றது, பாதை தெளிவாக இருந்தது, சிக்னலும் வலுவாக வந்தது. ஆனால் வேகம் வரவில்லை. காரணம் நேரம். ஒரு வைஃபை கருவி ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்பியதும், "கிடைத்தது" என்ற ஒப்புகைக்காகக் காத்திருக்கும். குறித்த நேரத்தில் அது வராவிட்டால் பொட்டலம் தொலைந்தது என்று முடிவு செய்து மறுபடி அனுப்பும். வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ பயன்படுத்துவதற்காக வகுத்த விதி இது. ஒரு மைக்ரோ நொடியில், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், அலை 300 மீட்டர் போகும். 15 கிலோமீட்டர் போக 50 மைக்ரோ நொடி, ஒப்புகை திரும்பி வர இன்னொரு 50. வீட்டு வைஃபை தன் நேரத்தைக் கூறுபோடும் அலகோ 9 அல்லது 20 மைக்ரோ நொடிதான். ஒப்புகை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் மறுபடி அனுப்பிவிடும். ஒரே பொட்டலம் திரும்பத் திரும்பப் போகும். இன்னொரு தொல்லையும் உண்டு. பேசுவதற்கு முன் அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசுவது வைஃபையின் வழக்கம். அவ்வளவு தூரத்தில் அந்தப் பக்கம் பேசத் தொடங்கியதே இந்தப் பக்கத்துக்கு 50 மைக்ரோ நொடி கழித்துத்தான் தெரியும். அதற்குள் இதுவும் பேசத் தொடங்கிவிடும். இரண்டு அலைகளும் மோதிக்கொள்ளும்.

பெர்க்லி குழு விலை உயர்ந்த கருவிக்குப் போகவில்லை. அதே மலிவான சில்லுகளை வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் மாற்றியது. இன்ன நேரம் நீ பேசு, இன்ன நேரம் நான் பேசுகிறேன் என்று முறை வைத்துக்கொண்டது. பொட்டலத்துக்கு ஒன்றாக ஒப்புகை கேட்பதை விட்டு, ஒரு தொகுதிக்குச் சேர்த்து ஒன்றாகக் கேட்டது. வில்ட்நெட் என்ற பெயரில் 2007இல் வெளியான அந்த ஆய்வு, வழக்கமான வைஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகம் கிடைத்ததாகக் காட்டியது. அதே ஆண்டு வெனிசுலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி என்ற பேராசிரியர், ஆண்டஸ் மலை உச்சி ஒன்றிலிருந்து 382 கிலோமீட்டர் அப்பால் உள்ள இன்னொரு மலை உச்சிக்கு மாற்றியமைத்த வீட்டு ரௌட்டர்களைக் கொண்டே இணைப்பு உண்டாக்கினார். பெர்க்லி குழுவின் மென்பொருளை ஏற்றியபோது ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 3 மெகாபிட் போனது. ஏறக்குறைய சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையிலுள்ள நேர்த்தூரம் இது. இன்று கடையில் வாங்கும் தொலைதூர ரேடியோக்களில் இந்த முறை வைக்கும் ஏற்பாடு உள்ளேயே அமைந்து வருகிறது. அமைப்புப் பக்கத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்கும். அதைச் சரியாக நிரப்பாததால் மட்டுமே தவழும் இணைப்புகள் உண்டு.

இதற்கும் முன்பே, கம்பி போகாத ஊருக்குக் காற்றில் இணைப்பு என்ற கனவைச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கண்டது. அவர்கள் உருவாக்கிய கார்டெக்ட் கருவி, கூரையில் ஒரு பெட்டியை மாட்டி, பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குத் தொலைபேசியையும் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேக இணையத்தையும் தந்தது. இன்றைய கணக்கில் அது மிகக் குறைவு. ஆனால் மேலூர் வட்டாரத்துக் கிராமக் கியோஸ்க்குகளில் மக்கள் முதன்முறையாக மின்னஞ்சல் அனுப்பியது அதன் வழியாகத்தான். செல்பேசி அலை பெருகி அதை மூழ்கடித்துவிட்டது. இருந்தாலும் கிராமத்துக்கான கருவியை இங்கேயே வடிவமைக்கலாம் என்று காட்டிய முயற்சி அது.

நடைமுறைக்கு வருவோம். தோட்டத்து வீட்டுக்கு இன்று மிக எளிதாகக் கைக்கெட்டும் வழி 4ஜி, 5ஜி டவர்தான். கைபேசியில் ஒரு கோடோ இரண்டு கோடோ வந்தாலே போதும், மேற்கொண்டு முயலலாம். கோடுகளை நம்பக் கூடாது. ஒவ்வொரு கைபேசியும் அவற்றைத் தன் இஷ்டத்துக்கு வரையும். டெசிபெல்லில் எண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் சிக்னலின் வலுவைச் சொல்லும் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண் கழித்தல் 80 என்றால் அருமை, கழித்தல் 100 என்றால் சமாளிக்கலாம், கழித்தல் 115 என்றால் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கூடவே இரைச்சலோடு ஒப்பிடும் எஸ்.ஐ.என்.ஆர். எண்ணையும் பார்க்க வேண்டும். சிக்னல் வலுவாக இருந்தும் இந்த எண் சுழியத்துக்குக் கீழே போனால், பல டவர்களின் அலைகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன என்று அர்த்தம். அப்போது பெரிய ஆன்டெனாவைவிட, ஒரே டவரை நோக்கிக் குவியும் ஆன்டெனாதான் தேவை. வீட்டுக்குள், திண்ணையில், மொட்டை மாடியில், கிணற்று மேட்டில் என்று எல்லா நிறுவனங்களின் சிம்மையும் போட்டுப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், எந்த நிறுவனம், எந்த இடம், எந்தத் திசை என்பது தெரிந்துவிடும். கடைக்குப் போவது அதற்கப்புறம்.

எந்தப் பட்டை என்பதும் முக்கியம். 700 மெகாஹெர்ட்ஸ் அலை, 2300 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட அதே தூரத்தில், அதே வகை ஆன்டெனாவில், பத்து மடங்கு சக்தியோடு வந்து சேரும். மரங்களையும் சுவரையும் அதிகம் பொருட்படுத்தாது. ஆனால் அந்தப் பட்டை குறுகலானது. ஊரே பகிர்ந்துகொள்ளும்போது மாலை நேரத்தில் வேகம் படுத்துவிடும். தொலைவுக்கு ஒரு பட்டை, வேகத்துக்கு ஒரு பட்டை. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அபூர்வம்.

ஆன்டெனாவை உயரத்தில் வைத்தபின் பலர் சறுக்குவது கேபிளில். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளைப் பத்து மீட்டர் இழுத்தால், 2400 மெகாஹெர்ட்ஸ் அருகே பத்தில் ஒன்பது பங்கு சக்தி கேபிளுக்குள்ளேயே போய்விடும். கம்பத்தின் உச்சியில் கிடைத்த லாபம் முழுவதையும் கீழே இறங்கும் வழியில் பறிகொடுத்தாயிற்று. இதற்குத் தீர்வு, வெயில் மழை தாங்கும் ரௌட்டரையே மேலே ஆன்டெனாவோடு சேர்த்து வைத்துவிடுவது. அங்கிருந்து ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை இழப்பில்லாமல் வரும். அதே கேபிளில் கரண்டும் மேலே போகும். சிக்னல் பூஸ்டர் என்று சொல்லி விற்கும் பெட்டிகளை மட்டும் வாங்க வேண்டாம். அனுமதி இல்லாமல் அவற்றை வைப்பது சட்டப்படி குற்றம். அவை இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவரையே குழப்பும், அக்கம்பக்கத்தார் பேச்சும் அறுந்துபோகும்.

டவரும் இல்லை, நீர்த்தொட்டியும் தெரியவில்லை, சுற்றிலும் மலை என்றால் மிச்சம் வானம்தான். 1945இல் ஆர்தர் சி. கிளார்க் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் ஒரு நிலையத்தை வைத்தால் அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும், அதன் வழியாகச் செய்தி அனுப்பலாம் என்று எழுதினார். 1975–76இல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.–6 செயற்கைக்கோளைக் கொண்டு இந்தியாவின் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டியபோது அந்த எண்ணம் நம் மண்ணில் இறங்கியது. நமக்கு ஒரு வசதியும் உண்டு. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், இந்தியாவின் தீர்க்கரேகையில் நிற்கும் செயற்கைக்கோள்கள் அடிவானத்திலிருந்து சுமார் 75 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே தெரிகின்றன. லண்டனில் இருப்பவர் முப்பது பாகையில் தேட வேண்டும், பக்கத்து மரமும் மறைக்கும். நாம் தோப்பின் நடுவே சிறு திறப்பு இருந்தாலும் டிஷ் வைத்துவிடலாம்.

ஆனால் அங்கேயும் நேரம் குறுக்கே வருகிறது. அலை ஏறி இறங்க 0.24 நொடி, பதில் ஏறி இறங்க இன்னொரு 0.24 நொடி. ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்பதால் இதை யாராலும் குறைக்க முடியாது. ஒரு வலைப்பக்கம் திறப்பதற்குள் முகவரி கேட்டு, கைகுலுக்கி, பூட்டுச் சாவி பரிமாறி, பிறகுதான் பக்கத்தைக் கேட்க முடியும். மூன்று நான்கு முறை போய்வந்தாலே இரண்டு நொடி ஆகிவிடும். படம் பார்க்கவும் பதிவிறக்கவும் தடையில்லை. மருத்துவரோடு காணொளியில் பேசும்போதுதான் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுத் தவிப்பார்கள்.

இந்தத் தவிப்பைப் போக்கத்தான் தாழ்வான சுற்றுப்பாதை வந்தது. ஸ்டார்லிங்க் போன்ற அமைப்புகளின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. ஆகவே தாமதம் நொடியில் இருபதில் முப்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. அவ்வளவு தாழ்வில் எதுவும் ஓரிடத்தில் நிற்க முடியாது. நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பூமியைச் சுற்றிவிடும். ஒன்று நம் தலைக்கு மேல் சில நிமிடம்தான் இருக்கும். அதனால் ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது. தரையில் உள்ள தட்டு அசையாமல் இருந்தபடியே, தன் நூற்றுக்கணக்கான நுண் ஆன்டெனாக்களின் அலைகளைச் சற்றுச் சற்றே முன்பின் தள்ளி, கற்றையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும். இங்கேதான் தென்னை மறுபடி வருகிறது. நிலையாக நிற்கும் கோளுக்குச் சிறு திறப்பு போதும் என்றேன். ஓடும் கோள்களுக்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். தோப்புக்குள் வைத்தால் ஒவ்வொரு கோளும் ஒரு மட்டைக்குப் பின்னால் மறையும்போது இணைப்பு துண்டிக்கப்படும். இலங்கையில் 2025 ஜூலையில் இந்தச் சேவை தொடங்கியது. இந்தியாவிலும் அதே ஆண்டு உரிமம் கிடைத்தது. டவர் எட்டாத மலைத்தோட்டத்துக்கும் தீவுக்கும் இது பெரிய வரம். நல்ல 4ஜி கிடைக்கும் வீட்டுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

பெர்க்லி குழு 2008இல் இன்னோர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கிராமத்து இணையத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகப் பயனுள்ளதாக நான் அதைக் கருதுகிறேன். இணைப்பை உண்டாக்குவது எப்படி என்பதைக் கடந்து, அதை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதை அது பேசியது. தேனியிலும், இமயமலைச் சாரலில் தரம்சாலாவிலும் கருவிகள் பழுதானதற்குப் பெரும்பாலும் மின்சாரமே காரணம் என்று கண்டார்கள். கரண்ட் போவது ஒரு பிரச்சினை. போன கரண்ட் திரும்பி வரும்போதும், மின்னழுத்தம் எகிறும்போதும் வரும் அதிர்ச்சி அதைவிடப் பெரிய பிரச்சினை. 1000 வோல்ட் வரை எகிறியதை அவர்கள் அளந்து பதிந்திருக்கிறார்கள். வோல்டேஜ் குறைந்து, கருவி பாதி விழித்தும் பாதி உறங்கியும் தடுமாறும்போது அதன் நினைவகமும் கெட்டது. மின் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கருவியை முழுவதுமாக அணைத்துவிடும் சிறிய மின்சுற்றைச் சேர்த்ததும் பழுதுகள் குறைந்தன.

தோட்டத்து வீட்டுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். பம்ப்செட் மோட்டார் ஓடும் அதே லைனில் ரௌட்டரை நேராக மாட்டினால் நெடுநாள் உழைக்காது. மேலே உள்ள ரேடியோவும் கீழே உள்ள ரௌட்டரும் சேர்ந்து எடுப்பது பத்துப் பதினைந்து வாட்தான். 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் சின்ன சோலார் தகடும் இருந்தால் அவற்றை மின்வாரிய லைனிலிருந்து முழுவதுமாகப் பிரித்துவிடலாம். தாழ்சுற்றுப்பாதைத் தட்டு சராசரியாக 50 வாட்டுக்கு மேல் கேட்கும். அதற்கு இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வேண்டும், அந்தச் செலவையும் முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சித்திரை வைகாசிக் கோடை இடியும் ஐப்பசி இடியும் தோட்டத்தில் உயர்ந்து நிற்கும் இரும்புக் கம்பத்தைத் தேடி வரும். கம்பத்தின் அடியில் முறையான எர்த் குழி வேண்டும். ஈதர்நெட் கேபிளின் இரு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும். பக்கத்து மரத்தில் விழும் இடியே கேபிளில் போதுமான மின்னழுத்தத்தைத் தூண்டி ரௌட்டரையும் அதோடு இணைந்த கணினியையும் எரித்துவிடும். கம்பம் வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் இடையில் ஓடும் பகுதிக்குக் கண்ணாடி இழையையே போட்டுவிடலாம். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே இடி வீட்டுக்குள் வர அந்த வழி அடைபட்டுவிடும். நூறு மீட்டர் இழையும் இரு முனைக்கும் வேண்டிய மாற்றிகளும் ஒரு மடிக்கணினி விலையில் சிறு பங்குதான்.

தேனியில் நாளடைவில் பராமரிப்பு உள்ளூர் ஊழியர்கள் கைக்கு வந்தது. ஆன்டெனா திரும்பிவிட்டதா, கேபிளில் நீர் இறங்கிவிட்டதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்ததால்தான் அந்த இணைப்புகள் ஆய்வு முடிந்த பிறகும் ஓடின. தனித்தனியாகப் பத்து வீடுகள் பத்து டிஷ் வாங்குவதைவிட, பத்து வீட்டாரும் சேர்ந்து மேட்டில் ஒரு கம்பம் நட்டு, ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் கொடுத்தால் செலவும் குறையும், பழுது பார்க்கவும் ஆள் இருக்கும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்த பிள்ளை ஒன்றாவது இல்லாத ஊர் இன்று குறைவு. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.